வாசல் தேடி வந்த பரிசோதனை: மார்பகப் புற்றுநோய்க் கண்டறிதலுக்குப் பெண்களை அழைத்த வரலாறு

நோயின் அறிகுறி ஏதுமின்றி நலமாக நடமாடும் ஒருவரை மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பது, நோயுற்றவருக்குச் சிகிச்சை அளிப்பதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்ட பணியாகும். நோயாளி மருத்துவரைத் தேடி வருகிறார். முன்கண்டறிதலிலோ மருத்துவத்துறை நலமாக இருப்பவரைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவமனைகளில் 'ஸ்கிரீனிங்' என்று வழங்கும் இம்முன்கண்டறிதல், மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை பெரும்பாலும் இரண்டு முறைகளில் நடைபெறுகிறது: பயிற்சி பெற்ற மருத்துவரோ செவிலியரோ கையால் தொட்டுப் பார்ப்பது ஒன்று, 'மேமோகிராம்' எனப்படும் மார்பக எக்ஸ்ரே எடுப்பது மற்றொன்று. இம்முறைகள் உருவான வரலாறு மருத்துவ நூல்களில் விரிவாகப் பதிவாகியுள்ளது. அவற்றுக்குப் பெண்களை வரவழைக்க நடந்த முயற்சிகளின் வரலாறோ அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஆயினும், பரிசோதனையால் உயிர்கள் காக்கப்பட்ட இடங்களில் கருவியின் திறனுக்கு நிகராக அழைப்பின் தன்மையும் பலனைத் தீர்மானித்திருக்கிறது என்பதை 1960களிலிருந்து கிடைத்துவரும் சான்றுகள் காட்டுகின்றன.

தாமதத்தைக் கண்டித்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர், மார்பகத்தையும் அதன் கீழுள்ள மார்புத் தசைகளையும் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றும் அறுவை சிகிச்சையை வகுத்து, அதன் பலன்களை 1894இல் வெளியிட்டார். அதற்குப் பின் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு வரை மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை என்றால் பெரும்பாலும் இதுவே என்ற நிலை நீடித்தது. இச்சிகிச்சைக்குப் பின் கை வீங்குவதும் தோளை முழுமையாக அசைக்க முடியாமற்போவதும் சாதாரணமாக இருந்தன. மார்பில் கட்டி தட்டுப்பட்ட பெண்ணுக்கு நோய் ஒரு பக்கமும் கத்தி மறுபக்கமும் நின்று அச்சுறுத்திய அக்காலத்தில், கட்டியை எவரிடமும் சொல்லாமல் மறைத்தவர்கள் பலர். புற்றுநோய் என்ற பெயரையே வீட்டில் உச்சரிக்கத் தயங்கியதும், மார்பகத்தைப் பற்றி ஆண் மருத்துவரிடம் பேசக் கூசியதும் அம்மௌனத்தை மேலும் இறுக்கின.

இந்த மௌனத்தை உடைக்கும் நோக்குடன் 1913இல் நியூயார்க்கில் அமெரிக்கப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் புற்றுநோயைக் குணப்படுத்தலாம், ஆகவே தாமதிக்கக் கூடாது என்பதே அதன் முதன்மைச் செய்தியாக விளங்கியது. 1936இல் அச்சங்கம் மார்ஜரி இல்லிக் என்பவரின் முன்முயற்சியால் 'பெண்கள் களப்படை' என்ற தொண்டர் அமைப்பை உருவாக்கியது. காக்கி உடையும் படைத் தரவரிசைச் சின்னங்களும் அணிந்த பெண்கள் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டியதோடு, புற்றுநோயைப் பற்றிப் பொதுவெளியில் வாய்திறந்து பேசினர். பெண்களிடம் பெண்களே பேச வேண்டும் என்ற உண்மையை இவ்வியக்கம் பெரிய அளவில் செயற்படுத்திக் காட்டியது. எனினும், உயிரிழப்புக்குக் காரணம் நோயாளியின் தாமதமே என்ற தொனி அதன் பரப்புரையில் ஓங்கி ஒலித்தது. பரிசோதித்துக்கொள்ள இடமோ பணமோ இல்லாத பெண்ணின் மீதும் அப்பழி சேர்ந்தே விழுந்தது.

எக்ஸ்ரே மார்பகத்தை எட்டிய விதம்

பெர்லின் நகர அறுவை மருத்துவர் ஆல்பெர்ட் சாலமோன், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்து, புற்றுநோய் அப்படங்களில் தனித்துத் தெரிவதை 1913இல் எடுத்துரைத்தார். அது அகற்றப்பட்ட உறுப்பின் படமே. வாழும் பெண்ணின் மார்பகத்தைத் தெளிவாகப் படமெடுக்க மேலும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. உருகுவே நாட்டின் ரவூல் லெபோர்ன், மார்பகத்தை மெதுவாக அழுத்தித் தட்டையாக்கினால் படம் தெளிவடையும் என்றும், மணல் துகள் போன்ற நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகள் புற்றுநோயின் அடையாளமாக இருக்கக்கூடும் என்றும் 1940களின் இறுதியிலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் விளக்கினார். ஹூஸ்டன் நகரின் ராபர்ட் ஈகன், பிற மருத்துவமனைகளும் பின்பற்றத்தக்க எளிய செய்முறையை 1960இல் வெளியிட்டார்.

இன்று மேமோகிராம் எடுக்கும் முறை இது. பெண் கருவியின் முன் நிற்க, கதிரியக்கத் தொழில்நுட்பர் மார்பகத்தை ஒரு தட்டின் மீது வைத்து, மேலிருந்து இன்னொரு தட்டால் சில வினாடிகள் அழுத்துகிறார். ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து கீழாக ஒன்றும் சாய்கோணத்தில் ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுக்கப்படுகின்றன. அந்த அழுத்தம் சிலருக்கு வலியைத் தரும். ஆனால் சில வினாடிகளில் அது முடிந்துவிடும். இதை முன்னரே சொல்லிவிடாத இடங்களில், முதல் முறை வந்த பெண் அடுத்த முறை வராமற்போவதற்கு அந்த எதிர்பாராத வலியே காரணமாவதுண்டு.

நியூயார்க்கின் 62,000 பெண்கள்

மேமோகிராமால் நோயைக் காண முடியும் என்பது ஒன்று; அதனால் சாவு குறையும் என்பது வேறு. இவ்விரண்டாவதை நிறுவும் முதல் பெரும் ஆய்வு 1963 டிசம்பரில் நியூயார்க்கில் தொடங்கியது. மாத சந்தா செலுத்தியவர்களுக்கு மருத்துவ சேவை வழங்கிவந்த 'ஹெல்த் இன்சூரன்ஸ் பிளான்' என்னும் காப்பீட்டு நிறுவனத்தின் உறுப்பினர்களில், 40 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 62,000 பெண்கள் இரு சம பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஆண்டுக்கொரு முறையாக நான்கு முறை மேமோகிராமுக்கும் கையால் செய்யும் பரிசோதனைக்கும் அழைக்கப்பட்டனர். மற்றப் பிரிவினர் வழக்கமான மருத்துவ சேவையைப் பெற்றனர். புள்ளியியலாளர் சாம் ஷாப்பிரோ, கதிரியக்க மருத்துவர் பிலிப் ஸ்ட்ராக்ஸ், அறுவை மருத்துவர் லூயிஸ் வெனெட் ஆகிய மூவரும் இவ்வாய்வை நடத்தினர். ஸ்ட்ராக்ஸ், தம் மனைவியை இளவயதிலேயே இந்நோய்க்குப் பறிகொடுத்தவர்.

சேவை இலவசமாக இருந்தும், அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரே முதற்பரிசோதனைக்கு வந்தனர். அந்த அளவை எட்டவும் கடிதங்களைத் தொடர்ந்து மீண்டும் மீண்டும் நினைவூட்ட வேண்டியிருந்தது. ஆய்வாளர்கள் இதைத் தங்கள் தோல்வியாக ஒதுக்கிவிடாமல், அதையே தனி ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டனர். எளிதில் வந்தவர்கள், பலமுறை அழைத்தபின் தயங்கி வந்தவர்கள், இறுதிவரை வராதவர்கள் ஆகியோரை ஒப்பிட்டு ரேமண்ட் ஃபிங்க் என்பவரும் ஷாப்பிரோவும் பிறரும் 1968இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒருமுறை வந்தவர்களை மறுமுறையும் வரவழைக்கும் முயற்சிகளின் பலனை ஆராய்ந்து 1972இல் இன்னொன்றும் வெளியாயிற்று. பங்கேற்பையே ஆய்வுக்குரிய அறிவியல் பிரச்சினையாக அணுகிய தொடக்ககாலப் பணிகள் இவை.

வராதவர்களையும் கணக்கில் சேர்த்தே பலனை அளக்க வேண்டும் என்ற நெறியையும் இவ்வாய்வு உறுதியாகக் கடைப்பிடித்தது. அழைப்பை மறுத்தவர்களிடையே மற்ற நோய்களால் நேர்ந்த இறப்பும் கூடுதலாக இருந்ததால், வந்தவர்களை மட்டும் எண்ணினால் பரிசோதனையின் பலன் உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றிவிடும். எனவே வந்தவர், வராதவர் அனைவரையும் சேர்த்தே கணக்கிட்டனர். அப்படிக் கணக்கிட்டும், அழைக்கப்பட்ட பிரிவில் மார்பகப் புற்றுநோய் மரணம் மற்றப் பிரிவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது.

பின்னாளில் ஏழை நாடுகளுக்கு வழிகாட்டிய மற்றொரு செய்தியும் இவ்வாய்வின் பதிவுகளில் உண்டு. பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்ட 132 புற்றுநோய்களில் 33 விழுக்காடு மேமோகிராமில் மட்டும் புலப்பட்டவை. 22 விழுக்காடு இரு முறைகளிலும் புலப்பட்டவை. எஞ்சிய 45 விழுக்காடு கைப்பரிசோதனையில் மட்டுமே அகப்பட்டவை. அன்றைய எக்ஸ்ரேயின் தெளிவு குறைவு என்பது இதற்கு ஒரு காரணமாயினும், பயிற்சி பெற்ற விரல்களின் மதிப்பை இவ்வெண்கள் தெளிவாகக் காட்டின.

தேதியும் நேரமும் குறித்த கடிதம்

1974 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டி ஃபோர்டு, தமக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை நடந்ததை மறைக்காமல் வெளியிட்டார். அதைத் தொடர்ந்து பரிசோதனைக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை திடீரெனப் பெருகியது. அவ்வாண்டில் பதிவான நோயாளிகளின் எண்ணிக்கையே வரைபடத்தில் ஒரு மேடாக உயர்ந்தது. ஒருவருடைய வெளிப்படையான பேச்சு எத்தனை பேரின் தயக்கத்தை நீக்கக்கூடும் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது. ஆயினும் அத்தகைய எழுச்சி நீடிப்பதில்லை, அது எல்லாத் தரப்பினரையும் சமமாகச் சென்றடைவதும் இல்லை.

நீடிக்கும் ஏற்பாட்டை சுவீடன் உருவாக்கியது. கொப்பார்பெரி, ஓஸ்டர்யோட்லாண்ட் ஆகிய இரு மாவட்டங்களில் 1977இல் தொடங்கிய ஆய்வில், 40 முதல் 74 வயது வரையுள்ள பெண்கள் மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து நேரடியாக அழைக்கப்பட்டனர். முதற்சுற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் வருகை பதிவாயிற்று. லாஸ்லோ தபாரும் பிறரும் 1985இல் வெளியிட்ட முடிவு, அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோய் மரணம் 31 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அடுத்த ஆண்டே பிரிட்டனில் பேராசிரியர் பேட்ரிக் ஃபாரஸ்ட் தலைமையிலான குழு தேசிய அளவிலான பரிசோதனையைப் பரிந்துரைக்க, 1988இல் அது தொடங்கியது. 50 முதல் 64 வயது வரையுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும், அவரது குடும்ப மருத்துவரிடமுள்ள பதிவேட்டின் வழியாக, மூன்றாண்டுக்கு ஒருமுறை கடிதம் சென்றது. பின்னர் இவ்வயது வரம்பு 70 வரை உயர்த்தப்பட்டது. பெண்கள் வழக்கமாக வந்துபோகும் கடைகளின் வாகன நிறுத்துமிடங்களில் மேமோகிராம் பொருத்திய ஊர்திகள் நிறுத்தப்பட்டன. "விரும்பினால் வாருங்கள்" என்று பொதுவாக அழைப்பதைவிட, இன்ன நாளில் இன்ன நேரத்தில் இன்ன இடத்துக்கு வாருங்கள் என்று குறித்து அழைத்தால் வருகை கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

கடிதம் எட்டாத வீடுகள்

கடிதத்துக்கும் எல்லை உண்டு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பினப் பெண்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த அறுவை மருத்துவர் ஹெரால்டு ஃப்ரீமன், தம்மிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நோய் முற்றிய நிலையில் வருவதைக் கண்டு, 1979 முதல் இலவசப் பரிசோதனை மையங்களை நடத்தினார். சந்தேகத்துக்குரிய கட்டி கண்டறியப்பட்டும், அடுத்தகட்டச் சோதனைக்கான செலவு, மருத்துவமனை நடைமுறைகளின் குழப்பம், அச்சம் ஆகியவற்றால் பெண்கள் இடையிலேயே நின்றுவிடுவதை அவர் உணர்ந்தார். இதற்குத் தீர்வாக 1990இல், ஒவ்வொரு பெண்ணுக்கும் துணையாக நின்று முதற்சோதனை முதல் சிகிச்சை முடியும்வரை உடன் வரும் வழித்துணையாளர்களை ஹார்லெம் மருத்துவமனையில் நியமித்தார். முன்னர் 39 விழுக்காடாக இருந்த ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம், இலவசப் பரிசோதனையும் வழித்துணையும் இணைந்தபின் 70 விழுக்காடாக உயர்ந்தது. அதே காலத்தில் ஆர்கன்சா மாநிலத்தில், நோயிலிருந்து மீண்ட கறுப்பினப் பெண்கள் தேவாலயங்களில் எழுந்து நின்று தம் அனுபவத்தைச் சொல்லும் 'சாட்சித் திட்டம்' உருவாயிற்று; மருத்துவரின் துண்டறிக்கையை நம்பத் தயங்கியவர்கள், தம் சபையைச் சேர்ந்த சகோதரியின் சொல்லை நம்பினர்.

பரிசோதனைக்குப் பின் சிகிச்சை உறுதியாக இருக்க வேண்டும் என்பதை அமெரிக்கச் சட்ட வரலாறும் உணர்த்துகிறது. வருமானம் குறைந்த பெண்களுக்குப் பரிசோதனை வழங்க 1990இல் இயற்றப்பட்ட சட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கவில்லை. நோய் இருப்பதாக அறிந்த பெண் அதற்குப் பின் பணத்துக்கு அலைய நேர்ந்த இக்குறை நீங்க, 2000ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் தேவைப்பட்டது.

வீட்டுக்கு ஆள் அனுப்பினால் மட்டும் போதும் என்ற எண்ணமும் சோதனைக்கு உள்ளாயிற்று. பிரிட்டனின் ஓல்டாம் நகரில் தெற்காசியப் பெண்களின் வீடுகளுக்கு அவர்களுடைய மொழி பேசும் தொடர்பாளர்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு, வருகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை என்று 1994இல் தெரிவித்தது. முகவரிப் பட்டியலே பிழையாக இருப்பதும், அழைக்கப்படும் நாளில் பெண் ஊரில் இல்லாமலிருப்பதும் போன்ற தடைகளை இனிய சொல்லால் நீக்கிவிட முடியாது. பதிவேட்டின் ஒழுங்கும் நேரடிச் சந்திப்பும் சேர்ந்தே பலன் தருகின்றன.

உண்மையைச் சொல்லி அழைத்தல்

நீண்ட காலம் அழைப்புக் கடிதங்கள் பரிசோதனையின் நன்மையை மட்டுமே கூறின. வாழ்நாளில் எந்தத் தீங்கும் விளைவிக்காமலே இருந்திருக்கக்கூடிய மிக மெதுவாக வளரும் புற்றுநோயும் மேமோகிராமில் தென்பட்டு, அதற்கும் அறுவையும் கதிரியக்கமும் அளிக்கப்படுவதுண்டு. இதையே மருத்துவர்கள் மிகைநோயறிதல் என்கின்றனர். இதுபற்றிய விவாதம் வலுத்தபோது, மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு பிரிட்டனில் சான்றுகளை மறுஆய்வு செய்து 2012இல் அறிக்கை அளித்தது. பரிசோதனைக்கு அழைப்பதால் இந்நோய் மரணம் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைகிறது என்றும், தவிர்க்கப்படும் ஒவ்வொரு மரணத்துக்கும் சுமார் மூன்று பெண்கள் மிகைநோயறிதலுக்கு உள்ளாகின்றனர் என்றும் அது மதிப்பிட்டது. அதையொட்டி, நன்மை, தீமை இரண்டையும் எடுத்துரைத்து முடிவைப் பெண்ணிடமே விடும் புதிய கையேடு 2013இல் வழங்கப்பட்டது. பெண்ணை அறிவுடையவராக மதித்து முழு விவரத்தையும் முன்வைப்பது அழைப்பை வலுவிழக்கச் செய்யும் என்று அஞ்சுவது தவறு. பின்னொரு நாளில் தானே அறிந்து ஏமாற்றமடையும் பெண்தான் நிரந்தரமாக விலகிச் செல்வார்.

இந்தியாவின் பாதை

சென்னையில் புற்றுநோய்ப் பணி பெண்களின் இயக்கத்திலிருந்தே முளைத்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டி, 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 12 படுக்கைகளுடன் எளிய குடில்களில் ஆரம்பித்த அந்நிறுவனத்தை அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் 1955இல் இணைந்த டாக்டர் வி. சாந்தாவும் வளர்த்தெடுத்தனர். புற்றுநோய் என்றாலே மரணம் என்று சமூகம் நம்பிய காலத்தில், பெண்கள் அச்சமின்றி நாடக்கூடிய இடமாக அது நிலைபெற்றது.

மேலைநாட்டு முறையை அப்படியே இந்தியாவில் பின்பற்றுவதில் தடைகள் இருந்தன. இந்நோய் இந்தியப் பெண்களிடம் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாகவே தோன்றுகிறது. இளவயதில் அடர்த்தியாக உள்ள மார்பகத்தில் மேமோகிராமின் கூர்மை குறைவு. கருவியும் படத்தைப் படித்தறியும் மருத்துவர்களும் பெருநகரங்களிலேயே குவிந்துள்ளனர். எனவே மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் மாற்று வழியைச் சோதிக்கத் தொடங்கியது. டாக்டர் இந்திரநீல் மித்ராவின் தலைமையில், குடிசைப் பகுதிகள் 20 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள் இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். பாதித் தொகுதிகளில், மருத்துவப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள், இரண்டாண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்றுகள் கையால் பரிசோதித்தனர். கருப்பைவாய்ப் பரிசோதனையும் அதனுடன் சேர்த்தே செய்யப்பட்டது.

இப்பரிசோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பணியாளர் நடு மூன்று விரல்களின் உட்பகுதியைப் பதித்து, முதலில் இலேசாகவும் பின் சற்று அழுத்தியும் சிறு வட்டங்களாக நகர்த்தி, மார்பகம் முழுவதையும் அக்குளையும் காறையெலும்பின் மேற்பகுதியையும் விடாமல் தடவிப் பார்க்கிறார்; தோல் சுருக்கம், காம்பு உள்வாங்கல், நீர்க்கசிவு ஆகியவற்றைக் கண்ணால் கவனிக்கிறார். திரைமறைவில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் செய்யும் சில நிமிட வேலை இது.

இருபது ஆண்டு தொடர்கண்காணிப்புக்குப் பின் 2021இல் வெளியான முடிவின்படி, பரிசோதிக்கப்பட்ட பிரிவில் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் 37 விழுக்காடு. மற்றப் பிரிவில் 47 விழுக்காடு. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்க்கையில் மரணம் 15 விழுக்காடு குறைந்தபோதும், அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று புள்ளியியல் கருத இடமிருந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடமோ மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது; இக்குறைவு புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்கதாக இருந்தது. குடிசைப் பகுதியில் வெறும் கைகளால் எட்டப்பட்ட இப்பலன், நியூயார்க்கிலும் சுவீடனிலும் கிடைத்த பலனோடு ஒப்பிடத்தக்கது.

இந்திய அரசு 2016இல் வகுத்த செயல்முறை, 30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இக்கைப்பரிசோதனையை வழங்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவ நிலையங்களில் இச்சேவை 2012 முதலே பரவலாக்கப்பட்டது. ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 விழுக்காடு மட்டுமே. தமிழ்நாட்டின் விகிதம் இதைவிட மேலானதாயினும் பத்து விழுக்காட்டைத் தொடவில்லை.

இந்த எண்ணைப் பெண்களின் அறியாமைக்குச் சான்றாகக் காட்டுவது எளிது. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. பெயரையும் முகவரியையும் சரியாக வைத்திருந்து, நாளும் நேரமும் குறித்து, நம்பத்தகுந்த பெண்ணின் வாயால் அழைத்து, கூச்சத்தை மதித்து, கண்டறிந்த கட்டிக்கு உடனே சிகிச்சை அளித்த இடங்களிலெல்லாம் பெண்கள் வந்தனர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளுடன் வீடுதோறும் செல்லும் பெண் தன்னார்வலர்கள் இவ்வழைப்பையும் கொண்டுசெல்ல இயலும். அவர்கள் அழைத்துவரும் பெண்ணுக்குத் திரையிட்ட அறையும் பயிற்சி பெற்ற செவிலியரும் தாமதமில்லாத மேல்சிகிச்சையும் காத்திருக்கச் செய்வது அரசின் கடமை. முப்பது வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணும் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். வலியில்லாத கட்டிதானே என்று எண்ணி எவரும் நாள் கடத்த வேண்டாம்.